ஈர நெல்லுக்கும் ஒரு விலை வையுங்கள்

மத்திய உணவு மற்றும் பொது விநியோகத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

மன்னார்குடிக்குத் தெற்கே மூன்று ஏக்கரில் நெல் பயிரிடுகிறேன். ஒரு குறுவை அறுவடையில் பதினொரு நாள் என் நெல்லோடு அரசு கொள்முதல் நிலைய வாசலிலேயே கிடந்தேன். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே வாங்க மாட்டார்கள். வெயில் வந்தால் தார்ப்பாயை விலக்கிக் கிளறிவிட வேண்டும். கிழக்கே கருத்தால் ஓடிவந்து மூட வேண்டும். முதல் நாள் ஈரப்பதமானி 20 சதவீதம் காட்டியது. ஆறாம் நாள் 18. அன்றிரவு பெய்த மழைக்குப் பிறகு 22. குவியலுக்குள் கையை விட்டபோது சுட்டது. அடியில் இருந்த நெல் முளை கண்டிருந்தது. நிலையத்தில் இருந்தவர்களிடம் எனக்குக் கோபமில்லை. அவர்கள் கையில் இருப்பது நீங்கள் எழுதிய விதி.

ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. ஈர நெல்லை அடுக்கி வைத்தால் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுப்பேறும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 17 இருந்தால் முழு விலை, 18 இருந்தால் ஒரு பைசாவும் இல்லை என்பது என்ன கணக்கு?

2025-26 பருவத்துக்கு சன்ன ரகத்தின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை 156 ரூபாயைச் சேர்த்தால் 2,545. நாற்பது கிலோ மூட்டைக்கு 1,018 ரூபாய். 22 சதவீத ஈரத்தில் இருக்கும் ஒரு மூட்டையை 17-க்கு உலர்த்தினால் சுமார் 37.6 கிலோ நெல் மிஞ்சும். அதன் மதிப்பு ஏறத்தாழ 957 ரூபாய். ஆக, ஈரத்தால் குறைவது 61 ரூபாய். 20 சதவீதமென்றால் 37 ரூபாய். அதைக் கழித்துக்கொள்ளுங்கள், உலர்த்தும் கூலியையும் கழித்துக்கொள்ளுங்கள், நாங்கள் மறுக்க மாட்டோம். அந்த 61 ரூபாய்க்காக மூட்டை முழுவதையும் திருப்பி அனுப்புகிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நிலையத்தில் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்த வியாபாரி அன்றைக்குச் சொல்வதுதான் விலை. மழை பெய்யும் நாளில்தான் எங்களுக்கு ஆதார விலை தேவை. அது காணாமல் போவதும் அதே நாளில்தான்.

ஈரப்பத வரம்பில் தளர்வு தருகிறோமே என்பீர்கள். தந்திருக்கிறீர்கள்: 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை, 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் வரை. ஆனால் மழை பெய்து, மாநில அரசு கடிதம் எழுதி, உங்கள் குழு வந்து மாதிரி எடுத்து, ஆய்வு முடிந்து ஆணை வருவதற்குள் எத்தனை குவியல் முளைத்துவிடுகிறது! வடகிழக்குப் பருவமழை எதிர்பாராத விபத்து அல்ல. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தால் குறுவை செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடைக்கு வரும். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் மழை பிடிக்கும். என் தாத்தாவுக்கும் தெரிந்த நாட்காட்டி இது.

அவர் காலத்தில் கதிரை அறுத்து, அரியாகப் போட்டுக் காயவிட்டு, கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்து அடித்தார்கள். நெல் வீடு சேர்வதற்குள் பாதி ஈரம் போய்விடும். இன்று ஆளில்லை, அறுவடை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் பச்சை நெல்லை டிராக்டரில் கொட்டிவிடுகிறது. களத்தில் இடமில்லாதவர்கள் தார்ச்சாலையில் கொட்டி, லாரிகளுக்கு நடுவே கிளறுகிறார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். எங்கள் ரேஷன் கடைகளுக்குப் பெரும்பாலும் போவது புழுங்கல் அரிசி. அதற்காக ஆலையில் நெல்லை மறுபடி தண்ணீரில் ஊறவைத்து, அவித்து, பிறகுதான் உலர்த்துகிறார்கள். ஆக, சிக்கல் ஈரத்தில் மட்டும் இல்லை. வாங்கிய நெல் ஆலைக்குப் போகாமல் திறந்தவெளியில் நாள்கணக்கில் கிடப்பதில் இருக்கிறது. மழை மாதங்களில் ஈர நெல்லைத் தனியாக அடுக்கி நேரே ஆலைக்கு ஏற்றட்டும். சில நிலையங்களுக்குச் சேர்த்து ஓர் உலர்த்தும் இயந்திரம் வையுங்கள். நான் ஒருவன் அதை வாங்கினால் கட்டுப்படியாகாது, அரசுக்கு ஆகும்.

செப்டம்பர் 1-ஆம் தேதி கொள்முதல் தொடங்குவதற்கு முன்பே 17 முதல் 22 வரை ஒவ்வொரு சதவீதத்துக்கும் என்ன விலை என்று ஓர் அட்டவணை வெளியிடுங்கள். அதை ஒவ்வொரு நிலையத்தின் சுவரிலும் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள். ஈரப்பதமானி எந்த எண்ணைக் காட்டினாலும், அதற்கு நேரே எங்களுக்கு ஒரு தொகை இருக்கட்டும்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டத்து நெல் விவசாயி