காசு நின்னா காவலும் நின்னுடுது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஆப்பிரிக்காவுல பெரிய பெரிய காடுங்க சட்டப்படி வேட்டைக்குன்னே ஒதுக்கினது, அங்க திருட்டு வேட்டையைத் தடுக்கவும் வெளிநாட்டு உதவிதான் கை குடுக்குதுன்னு நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியல சார். தான்சானியாவோட செலூஸ் காப்பகத்துல 1976ல ஒரு லட்சத்துக்கு மேல யானை இருந்துச்சு, எண்பதுகள்ல தந்தத்துக்காக சுட்டுத் தள்ளினாங்க, அப்புறம் 1988ல ஜெர்மனி அரசு உள்ள வந்து ரேஞ்சருங்களுக்குப் பக்கபலமா நின்னுச்சு, வேட்டைக்கு வர்றவங்க கட்டுற காசுலயும் பாதி காப்பகத்துக்கே திரும்பி வந்துச்சு, யானைங்களும் மெல்லப் பெருகுச்சு. 2003ல அந்தத் திட்டம் முடிஞ்சுது, காப்பகத்துக்கு வந்த வேட்டைக் காசும் பின்னாடி சுருங்கிடுச்சு. 2013ல எண்ணிப் பார்த்தா மிச்சம் சுமார் 13,000 தான்! படிச்சப்ப வயிறு எரிஞ்சுது.

துப்பாக்கி மட்டும் இல்ல, கம்பிக் கண்ணியும் இருக்கு. வேலிக் கம்பியை வளைச்சு மான் போற தடத்துல கட்டி வெச்சிடுவாங்க, குட்டி யானை தும்பிக்கை மாட்டினா அறுந்தே போயிடும், அதை ஒரு ரேஞ்சர் வெயில்ல நடந்து போய் ஒவ்வொண்ணா கையால கழட்டணும்.

நமீபியாவுல 1996 சட்டத்துக்கு அப்புறம் வேட்டை வருமானம் ஊர் சங்கத்துக்கே போகுது, ஊர்க்காரங்களே காவலுக்கும் போறாங்க, அதுக்கு அமெரிக்க உதவியும், காட்டு விலங்குங்களைக் காப்பாத்துற டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பும் ஆரம்பத்துலேர்ந்து துணை. அந்த அமெரிக்க உதவி அமைப்பையே 2025ல மூடிட்டாங்க. உதவி பண்ற நாடுங்க பாதியில கழண்டுக்காம, ரேஞ்சர் சம்பளத்துக்கு ஒரு நிரந்தர நிதி வெச்சுட்டுப் போகணும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்