ஜன்னல் துணிக்கொடிக்குத் தடை போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூரில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களை நடத்துகிறவர்களுக்கும், வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடக் கூடாது, மீறினால் அபராதம் என்று லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுகிறீர்களே, அந்த அறிவிப்பைப் பற்றித்தான் இந்த மடல். நான் குடியிருக்கும் இடத்திலும் அது இருக்கிறது, பாகலூர் சாலையிலும் தளி சாலைப் பக்கமும் தெரிந்தவர்கள் இருக்கும் கட்டிடங்களிலும் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால் சிலர் கட்டிடத்தின் அழகு கெடுகிறது என்கிறார்கள், சிலர் பாதுகாப்பு என்கிறார்கள். அழகைப் பற்றி எனக்குச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆள் குடியிருக்கிற வீட்டில் துணி காயத்தான் செய்யும். ஆனால் பாதுகாப்பு என்று சொல்கிறீர்கள் இல்லையா, அதைக் கொஞ்சம் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் தடையால் ஜன்னல் கொடி எதுவும் மறையவில்லை, உறுதியாகக் கட்டியிருக்க வேண்டிய கொடி அரைகுறையாகக் கட்டின கொடியாக மாறியதுதான் மிச்சம்.

அவிழ்க்கச் சொன்னால் உடனே அவிழ்க்க வேண்டுமே என்ற பயத்தில் யாரும் சுவரில் துளை போட்டு எதையும் சரியாக மாட்டுவதில்லை. புறாவலை கட்ட அடித்த சின்ன கொக்கியில் ஒரு முனை, ஏசி வெளிப்பெட்டியின் தாங்கியில் இன்னொரு முனை, நடுவில் கடையில் கிடைத்த நைலான் கயிறு. புறாவலைக் கொக்கி வலையின் எடையைத் தாங்கத்தான் அடித்தது, ஈரப் போர்வையைத் தாங்க இல்லை. எங்கள் எதிர்க் கட்டிடத்தில் ஒரு பெண் தினமும் காலையில் காயப்போடுவதைப் பார்க்கிறேன். கொடி ஜன்னலிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இல்லை. ஒரு முழங்காலை ஜன்னல் கட்டைமேல் வைத்து, இடது கையால் கிரில்லின் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, வாயில் இரண்டு கிளிப்பைக் கடித்தபடி, வலது கையால் ஈர ஜீன்ஸை வீசிப் போடுகிறார். முதல் வீச்சில் விழாவிட்டால் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்கிறார். அவர் பிடித்திருக்கும் கதவு இரண்டு சின்னக் கீலில் தொங்குகிறது. அந்தக் கட்டிடத்திலும் உங்கள் அறிவிப்பு இருக்கிறது.

மொட்டை மாடி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி, சோலார் தகடு, டிஷ் கம்பிகள் என்று சொல்லிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறீர்கள், அவர் காலை ஒன்பதுக்கு மேல்தான் திறக்கிறார். இந்த ஊரில் பாதிப் பேர் சிப்காட் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர் விடிந்ததும் துவைத்துப் போட்டுவிட்டுத் தூங்க வேண்டும், முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர் இருட்டில் கிளம்ப வேண்டும். மறுநாள் அதே யூனிஃபார்ம் காய்ந்திருக்க வேண்டும், இரண்டு செட்தான் இருக்கும். தண்ணீர் வரும் நாளில்தான் மொத்தத் துணியையும் துவைக்கிற வீடுகள் எத்தனையோ, அன்றைக்குப் பார்த்துப் பூட்டு தொங்கினால் ஜன்னல்தான் வழி.

வீட்டுக்குள்ளேயே காயப்போடுங்கள் என்பது அடுத்த பதில். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், தர்மபுரி வெயில் நமக்குக் கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் மூடின அறையில் போட்ட துணி மறுநாளும் சில்லென்றுதான் இருக்கும். மெஷினில் சுற்றிப் பிழிந்து எடுத்த ஐந்து கிலோ துணியில்கூட இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் மிச்சம் இருக்கும், அது அத்தனையும் அறைக் காற்றில் கலந்து குளிர்ந்த சுவரில் போய்ப் படிகிறது. பீரோவுக்குப் பின்னால், கட்டில் தலைமாட்டுச் சுவரில் கருப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடிப்பது அப்படித்தான். ஆஸ்துமா உள்ள குழந்தை அந்த அறையில்தான் தூங்குகிறது. வீட்டைக் காலி செய்யும்போது பெயின்ட் செலவை அட்வான்ஸில் பிடிப்பதும் நீங்கள்தான். அப்புறம் டிரையர். ஒரு தடவைக்கு மூன்று யூனிட் வீதம், ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் ஆகிறது. அரசு கொடுக்கும் இலவச மின்சாரத்தில் பெரிய பங்கு அதற்கே போய்விடும். மெஷின் விலையைச் சொல்லவே இல்லை.

ஆகவே வெளியில்தான் காயப்போடப் போகிறோம். அதை எப்படி ஆபத்தில்லாமல் செய்வது என்று மட்டும் பார்ப்போம்.

முதலில் மின்சாரம், ஏனென்றால் இதில் இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. பழைய தெருக்களில் ரோடு உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது, மாடிகள் தெருப் பக்கம் நீண்டுகொண்டே வந்திருக்கின்றன, விளைவு, கம்பத்தில் போகும் மின்கம்பி முதல் மாடி ஜன்னலுக்கு நேராக வந்து நிற்கிறது. கட்டிடத்துக்கும் பக்கவாட்டில் போகும் மின்கம்பிக்கும் நடுவே குறைந்தது 1.2 மீட்டர், ஏறக்குறைய நாலு அடி, இருக்க வேண்டும் என்பது மின் பாதுகாப்பு விதி. 11 கிலோவோல்ட் உயர் அழுத்தக் கம்பிக்கும் அதே 1.2 மீட்டர், அதற்கு மேல் 33 கிலோவோல்ட் வரை 2 மீட்டர். சுவரிலிருந்து இந்த இடைவெளி சரியாக இருந்தாலும், நீங்கள் வெளியே இரண்டடி நீட்டி ஒரு கொடி கட்டினால் மிச்சம் இரண்டடிதான். அதில் ஒரு ஈரப் புடவை காற்றில் எழும்பினால் அந்த இரண்டடியும் இல்லை. மின்கம்பி போகும் பக்கத்து ஜன்னலில் கொடியே வேண்டாம், அந்த வீட்டுக்காரருக்கு வேறு பக்கத்திலோ மாடியிலோ இடம் ஒதுக்கிக் கொடுங்கள். இந்த ஓர் இடத்தில் உங்கள் தடையை நானும் ஆதரிக்கிறேன்.

துணி பறந்து போய் மின்கம்பியில் மாட்டிக்கொண்டால் இன்னொரு ஆபத்து தொடங்குகிறது. ஒட்டடைக் கம்பு, அலுமினியக் குழாய், மாப் கம்பி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எட்டி இழுப்பார்கள். மரக் கம்புதானே என்று நினைக்கிறார்கள், ஈரமான மரத்திலும் மின்சாரம் பாயும். துணி போனால் போகட்டும், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, கூப்பிட்டுச் சொன்னால் போதும். லிஃப்டில் ஒட்ட வேண்டிய அறிவிப்பு இதுதான்.

அடுத்தது ஜி.ஐ. கம்பிக் கொடி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி. துரு பிடிக்காது, தொய்யாது என்று பலரும் இதைத்தான் கட்டுகிறார்கள். கிரில்லுக்கும் பக்கத்திலுள்ள இரும்புக் குழாய்க்கும் நடுவே கட்டும்போது, வெளி லைட்டுக்குப் போகும் ஒயரோ கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரோ அதில் உரசுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. வெயிலில் ஒயரின் மேல்தோல் விரிசல் விட்டு, காற்றில் கம்பியோடு தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் செம்பு வெளியே தெரியும். அன்றைக்கு ஈரத் துணியோடு கையை வைத்தவர் கதி என்ன? கொடியில் துணி போட்டபோது மின்சாரம் தாக்கிச் சாவு என்று செய்தி வருவதும், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்தார் என்று அதே செய்தியில் வருவதும் நாம் படித்ததுதான். அதனால் உலோகக் கம்பி வேண்டாம், கயிறு போதும். மின்கம்பம், அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி, தகரக் கூரை, டிஷ் கம்பி எதிலும் கொடியின் முனையைக் கட்டக் கூடாது. யாருக்காவது ஷாக் அடித்தால் ஆளைத் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

உரிமையாளர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் வீடுகளின் மெயின் பெட்டியில் ஆர்.சி.டி. என்கிற மின்கசிவுத் தடுப்பான் இருக்கிறதா? எம்.சி.பி. இருக்கிறது என்பீர்கள். அது ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் தான் விழும், ஆள் உடம்பு வழியாகப் போகும் சின்ன மின்கசிவு அதற்குத் தெரியவே தெரியாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிப்பது ஆர்.சி.டி. ஒரு மாத வாடகையைவிடக் குறைவான செலவு, எலக்ட்ரீசியனுக்கு அரை நாள் வேலை. தெருக் கம்பியில் கை பட்டால் அது காப்பாற்றாது, வீட்டு ஒயரிங்கில் வரும் கசிவுக்குத்தான், இருந்தாலும் அதை மாட்டாமல் விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

சரி, கொடியைக் கட்டுவது எப்படி. எல்லோரும் செய்வது, வீணைக் கம்பி போல விறைப்பாக இழுத்துக் கட்டுவது. தொய்ந்தால் அசிங்கமாக இருக்கிறது என்று. கணக்கைப் பாருங்கள். மூன்று மீட்டர் கொடியின் நடுவில் ஆறு கிலோ ஈரத் துணி தொங்கும்போது கயிறு 15 சென்டிமீட்டர் மட்டும் இறங்கினால், ஒவ்வொரு முனையும் 30 கிலோ விசையில் இழுபடுகிறது. 30 சென்டிமீட்டர் இறங்கவிட்டால் அது 15 கிலோவாகக் குறைந்துவிடும். எவ்வளவு விறைப்போ அவ்வளவு பாரம் கொக்கிக்கு. ஆகவே கொஞ்சம் தொய்வு இருக்கட்டும், கொக்கியைக் கான்கிரீட் தூணிலோ ஜன்னலுக்கு மேலுள்ள கான்கிரீட் பட்டையான லிண்டலிலோ ஆங்கர் போல்ட் போட்டு முடுக்குங்கள். ஹாலோ பிளாக் சுவரில் ஆணி அடித்தால் பூச்சுதான் பிடித்துக்கொண்டிருக்கும், உள்ளே காலி. சன்ஷேடு நுனியில் கொக்கி வேண்டாம், சன்ஷேடுமேல் இறங்கி நின்று காயப்போடவே வேண்டாம், அது ஆள் நிற்பதற்காகக் கட்டினது இல்லை, உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. நைலான் கயிறு வெயிலில் நைந்துபோகும், தடவினால் தூள் தூளாகக் கையில் ஒட்டினால் அதை அப்போதே மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், காயப்போடுகிறவரின் இரண்டு பாதமும் அறைத் தரையில் இருக்க வேண்டும், உடம்பு ஜன்னலுக்கு வெளியே போகவே கூடாது. இதற்கு வழி இருக்கிறது. ஜன்னலுக்கு அருகில் ஒரு கப்பி, எதிர்ச் சுவரில் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி ஒரே கயிறு. நின்ற இடத்தில் நின்றபடி ஒரு துணியைக் கிளிப்பில் மாட்டி, கயிற்றை இழுத்து, அடுத்ததை மாட்டிக்கொண்டே போகலாம், எடுக்கும்போதும் அப்படியே இழுத்து எடுக்கலாம். கிணற்றில் தண்ணீர் சேந்திய நமக்குக் கப்பியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர்ச் சுவர் இல்லாத இடத்தில், உள்ளே மடக்கி இழுத்துக்கொள்ளும் ஸ்டீல் ஸ்டாண்டை ஜன்னலுக்குக் கீழே பொருத்தலாம். சிங்கப்பூர் அரசு அடுக்ககங்களில் முன்பு சமையலறை ஜன்னலுக்கு வெளியே குழாயில் மூங்கில் கழியைச் செருகித் துணி காயப்போடுவார்கள், ஈரத் துணியோடு கனக்கும் கழியைத் தூக்கி நீட்ட வேண்டியிருந்தது. பிறகு வந்த கட்டிடங்களில் சுவரோடு பொருத்திய ஸ்டீல் தாங்கிகளைக் கட்டும்போதே வைக்க ஆரம்பித்தார்கள். மாடி வீட்டில் துணி காயப்போட இடம் வேண்டும் என்பதைக் கட்டுகிறவர்கள்தான் முதலில் யோசிக்க வேண்டும், நம் ஊரில் பில்டர்கள் யூடிலிட்டி என்று ஒரு மூலையைக் காட்டி, வாஷிங் மெஷின் வைத்ததும் நிற்க இடமில்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

குழந்தை உள்ள வீட்டில் ஜன்னலுக்கு அருகே துணி வாளியைக் கவிழ்த்து வைக்காதீர்கள், ஸ்டூலும் வேண்டாம். அம்மா ஏறுவதைப் பார்த்த குழந்தை அடுத்த நிமிடமே ஏறும். கப்பிக் கயிற்றின் தொங்கும் முனையைச் சுருட்டி எட்டாத உயரத்தில் மாட்டிவிட வேண்டும், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

கீழ் வீட்டுக்காரரின் புகாரும் நியாயமானதுதான், அதை நான் ஒதுக்கவில்லை. அவர் காய்ந்த துணிமேல் மேல்வீட்டுச் சாயத் தண்ணீர் சொட்டினால் யாருக்கும் கோபம் வரும். நன்றாகப் பிழிந்து, சொட்டு நின்ற பிறகு கொடிக்குக் கொண்டுபோக வேண்டும். புடவையை, வேட்டியை நாலாக மடித்துப் போட்டால் கீழ் ஜன்னலை மறைக்காது, இரு மடங்கு நேரம் காயும், பரவாயில்லை. காற்று நாளில் கனமான துணிக்கு இரண்டு கிளிப்புக்கு மேல் போட வேண்டும், அது துணிக்காக மட்டுமில்லை, கீழே வண்டி ஓட்டிப் போகிறவர் முகத்தில் ஈரத் துண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதற்காகவும். இதையெல்லாம் விதியாகப் போடுங்கள், நாங்கள் கேட்டு நடக்கிறோம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அந்த அறிவிப்பை எடுத்துவிட்டு, மின்கம்பி இல்லாத பக்கத்து ஜன்னல்களுக்கு ஒரே அளவில், ஒரே ஃபேப்ரிகேட்டரை வைத்துச் சங்கமே ஸ்டாண்டோ கப்பியோ மாட்டித் தரட்டும், அழகும் கெடாது. செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம். மொட்டை மாடியைக் காலை ஐந்தரைக்குத் திறந்துவிடுங்கள், மின்கம்பி போகும் பக்கத்து வீடுகளுக்கு அங்கே தனி வரிசை ஒதுக்குங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இதற்கென்று ஒரு கூட்டம் போடுங்கள், அதற்கு உரிமையாளர்களை மட்டும் கூப்பிடாமல் வாடகைக்கு இருக்கிறவர்களையும் கூப்பிடுங்கள். அந்த ஜன்னல்களில் தினமும் நிற்பது நாங்கள்தான்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் ஓர் ஓசூர்க்காரர்