நாடக வாசிப்பு வட்டம், சிட்னி: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கைய யாரும் படிக்கலன்னு தெரியும், இருந்தாலும் எழுதணும்னு விதி இருக்கு, எழுதறேன்.

பொங்கல் சந்திப்பு நடந்துச்சு. ஜூன் வாசிப்பு நடந்துச்சு. பார்க் சாப்பாடு மழையில போச்சு.

உருப்படியா நடந்தது செப்டம்பர்ல நான் எடுத்துப் போட்ட 'மான்சியர் டான்சன்' வாசிப்புதான். பழைய வெள்ளக்காரன் காமெடி நமக்கு எதுக்குன்னு கமிட்டில ரெண்டு பேர் கேட்டீங்க, பதில் இங்கயே சொல்லிடறேன். இதே ஊர்ல, ஜார்ஜ் ஸ்ட்ரீட் ராயல் ஹோட்டல் ஹால்ல, 1832 டிசம்பர் 26 ராத்திரி பார்னெட் லெவிங்கற நாடகக்காரர் லைசென்ஸோட போட்ட முதல் ஷோல 'பிளாக்-ஐட் சூசன்'ங்கற அழுவாச்சி மெலோடிராமா முடிஞ்சதும் வந்த ஃபார்ஸ் இதுதாங்க. அப்பல்லாம் ஜனங்கள அழவெச்சு வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க, கடைசில ஒரு சிரிப்பு நாடகம் கட்டாயம். கவர்னர் டார்லிங் இருந்த வரைக்கும் லைசென்ஸ் கிடைக்கல, அப்புறம் வந்த பர்க் குடுத்தார், அதுவும் இங்கிலாந்துல அனுமதி வாங்கின நாடகம் மட்டும்னு கண்டிஷனோட, அதனால மாங்க்ரீஃப் எழுதி 1821ல லண்டன்ல ஓடினது பதினோரு வருஷம் கழிச்சு கப்பலேறி இங்க வந்துச்சு. அடுத்த வருஷம் அக்டோபர் 5 தனி தியேட்டர் திறந்தப்பவும் மெலோடிராமாவுக்குப் பின்னாடி ஒரு ஃபார்ஸ்தான். லெவி 1837லயே செத்துட்டார், குடும்பம் கஷ்டத்துல நின்னுச்சு. நாடகம் போடறவன் கதை எந்த ஊர்லயும் அப்படித்தான் போல.

கதை சின்னது. டாம் கிங்னு ஒரு குறும்புக்காரன், மிஸ்டர் தாம்சன் இருக்காரான்னு கேட்டு ஒரு பிரெஞ்சு பார்பர் வீட்டுக் கதவ ராத்திரி ராத்திரி தட்டறான். அந்தப் பேர் அவர் வாயில டான்சன் ஆயிடுது. கதவு சத்தத்துக்கு நான் சப்பாத்திக் கட்டையால அலமாரிய தட்டினேன், மூணாவது தட்டுக்கு ஹால் வாட்ச்மேனே வந்து நெஜக் கதவ தட்டிட்டார், அதையும் நாடகம்னு நெனச்சு எல்லாரும் கைதட்டினீங்க. எல்லாரும்னா ஒம்பது பேர். அதுல ரெண்டு பேர் என் வீட்டு ஆளுங்க. வரேன்னு வாட்ஸ்அப்ல கட்டைவிரல் காட்டினவங்க முப்பத்தொண்ணு.

இப்ப சந்தா. நவம்பர் பூரா நானே டாம் கிங் மாதிரி வீடு வீடா போனேன். வாசல்ல கார் நிக்குது, உள்ள சீரியல் சத்தம் கேக்குது, பெல் அடிச்ச உடனே டிவி ஆஃப். அவன் அந்த வீட்டுல இல்லாத ஆளத் தேடினான், நான் இருக்கறவங்களத்தான் தேடறேன். பேர் போடல, அவங்களுக்கே தெரியும்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியா இருக்கு. ஹால் வாடகையில கொஞ்சம் என் கைக்காசு, பில் இருக்கு, கேட்டா காட்டறேன். தலைவருக்கும், பார்பர் வேஷத்த மதுரைப் பேச்சுல படிச்ச பொருளாளருக்கும், டீ போட்ட அக்காவுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் நான் செயலாளரா தொடரணும்னு இல்ல, யாராவது முன்வந்தா சாவியும் நோட்டும் தந்துடறேன். வரலன்னா மார்டன் எழுதின 1847 ஃபார்ஸ் 'பாக்ஸ் அண்ட் காக்ஸ்' போடலாம்னு இருக்கேன். அதுல வீட்டுக்காரம்மா ஒரே ரூம பகல் வேல பாக்கறவனுக்கும் ராத்திரி வேல பாக்கறவனுக்கும் விட்டு ரெண்டு வாடகை வாங்கறா. எனக்கு ஒரு நாற்காலிக்கு ஒரு சந்தா வந்தா போதும். நடிக்க மூணு பேர் வேணும். அக்கவுன்ட் நம்பர் குரூப்ல பின் பண்ணியிருக்கு.