அழுத்தம் அல்ல, அமிலம்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில், 18ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் பிரனேசியின் ‘கற்பனைச் சிறைகள்’ என்ற அச்சுப்பட வரிசை பற்றி வந்த கட்டுரை, ஊசியை அழுத்திக் கீறியதால்தான் அந்தப் படங்களில் இருள் கனத்து நிற்கிறது என்கிறது. உலோகத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து அச்சிடும் எட்சிங்கில் அப்படி நடப்பதில்லை. தேன்மெழுகும் நிலக்கீலும் ரோசினும் கலந்து செப்புத் தகட்டில் பூசிய மெல்லிய பூச்சை விலக்குவதோடு ஊசியின் வேலை முடிந்தது. செம்பை அரிப்பது அமிலம். கூடுதல் நேரம் அரித்தால் கோடு ஆழமாகும், மை அதிகம் பிடிக்கும், தாளில் கறுப்பாக விழும்.

மெல்லிய கோடு தூரமாகவும் கறுத்த கோடு அருகிலும் தெரியும். ஆகவே படத்திலுள்ள கட்டடத்தின் தூரத்தை இங்கே நிமிடக் கணக்கில்தான் அளக்க வேண்டும். இன்றைய பட்டறையில் அமிலத்துக்குப் பதில் செம்பை அரிக்கப் பயன்படும் ஃபெரிக் குளோரைடு கரைசல், அதுவும் புதியது என்றால், கடைக்கோடி வளைவுக்கு 5 நிமிடமே போதும். தகட்டை எடுத்துக் கழுவி உலர்த்தி, அந்த இடத்தை மட்டும் வார்னிஷால் மூடி மீண்டும் இறக்குவார்கள். நடுவிலுள்ள படிக்கட்டுக்கு 15 நிமிடம். முன்னால் நிற்கும் தூணுக்கும் சங்கிலிக்கும் 45 கூட ஆகும். வெயில் காலத்தில் எல்லாமே சீக்கிரம் அரித்துவிடும்.

பலரும் கோட்டை விடுவது வளைவின் அடிநிழலில். கறுப்பு வேண்டுமென்று கோடுகளை நெருக்கிப் போட்டால், அமிலம் பக்கவாட்டிலும் தின்று, இடையிலுள்ள செம்பு வரப்பு இடிந்து ஒரே பள்ளமாகிவிடும். அச்சிடுமுன் தகட்டின் மேல் மையைத் துடைக்கும்போது அதில் மை தங்காது. ஓரம் கறுத்து, நடு சாம்பலாக வெளுத்துப்போகும். கோடுகளைத் தள்ளிப் போட்டு நேரத்தைக் கூட்டுவதே வழி.

பிரனேசி 1750ஐ ஒட்டி வெளியிட்டவை 14 தகடுகள். கோடுகள் தளர்ந்தவை, வெளிச்சம் அதிகம். 1761இல் அதே தகடுகளில் உத்தரங்களும் படிகளும் கூட்டி ஆழமாக அரித்து, புதிதாக இரண்டு சேர்த்து 16 ஆக்கினார். கட்டுரையாளர் பார்த்த இருள் இந்த இரண்டாம் பதிப்பினுடையது.

அமெரிக்க ஓவியர் விஸ்லர் 1879-80இல் வெனிஸில் செய்தது நேர் எதிர். ‘நாக்டர்ன்’ (இரவுக் காட்சி) தகட்டில் கோடுகள் சொற்பம்; நீருக்கும் வானுக்கும் நடுவிலுள்ள மங்கல் எல்லாம், துடைக்காமல் விட்ட மைப்படலம். அதனால் ஒரு பிரதியில் அந்தி, இன்னொன்றில் நள்ளிரவு. (கண்ணால் கண்டதை அப்படியே தகட்டில் வரைந்ததால் அச்சில் அவருடைய வெனிஸ் இடவலம் மாறியிருக்கும். மனிதர் அதைச் சட்டை செய்யவில்லை.)

ஒரு வேண்டுகோள். இத்தகைய படங்களைக் கால் பக்கத்துக்குச் சுருக்கினால், 5 நிமிடக் கோடுகள்தான் முதலில் காணாமல் போகின்றன. பின்னணி வளைவுகள் புள்ளிக் கூட்டமாகிவிடுகின்றன. முழுப் படத்தைச் சிறிதாகப் போட்டாலும், ஒரு மூலையையாவது அசல் அளவில் அச்சிடுங்கள்.

– ஒரு வாசகர், கும்பகோணம்