நிறுத்தப்பட்ட எச்.ஐ.வி. தடுப்பூசிப் பரிசோதனை பற்றி

ஆசிரியருக்கு,

தென்னாபிரிக்க வைத்தியர் கிளென்டா கிறே பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை, சொவேட்டோவின் பரக்வனாத் வைத்தியசாலையில் தாய்மாருக்கும் சிசுக்களுக்கும் அவர் ஆற்றிய பணியை விரிவாகச் சொன்னது. அவர் தலைமை தாங்கிய தடுப்பூசிப் பரிசோதனையை மட்டும் ‘தோல்வி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அவசரமான தீர்ப்பு அது.

2009இல் தாய்லாந்தில் நடந்த எச்.ஐ.வி. தடுப்பூசிப் பரிசோதனை 31 சதவீதப் பாதுகாப்பைக் காட்டியது. குறைவுதான். ஆனால் அதற்கு முன் எந்தத் தடுப்பூசியும் அதைக்கூடக் காட்டவில்லை. அந்தத் தடுப்பூசியைத் தென்னாபிரிக்காவில் பரவும் ‘சி’ வகை வைரசுக்கேற்ப மாற்றி, 2016இல் கிறே தலைமையில் எச்.வி.ரி.என். 702 என்ற பரிசோதனை தொடங்கியது. 5,400 பேர் வரை சேர்ந்தார்கள். பாதிப்பேருக்குத் தடுப்பூசி, பாதிப்பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது போனது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இடையில் கணக்கைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரம் சுயாதீனக் குழுவொன்றுக்கே உண்டு. 2020 ஜனவரியில் அக்குழு பார்த்தபோது தடுப்பூசி பெற்றோரில் 129 பேருக்கும், வெற்று ஊசி பெற்றோரில் 123 பேருக்கும் தொற்று. தீங்கில்லை, பலனுமில்லை. பெப்ரவரி தொடக்கத்தில் நிறுத்தத்தை அறிவித்தார்கள். இப்படி நேரத்தோடு நிறுத்தத் தெரிவதும் ஆய்வுத் தலைமையின் திறமைதான்.

ஏன் இவ்வளவு கடினம்? சின்னம்மையில் உடல் தானாகக் குணமடைகிறது, தடுப்பூசி அதைப் பின்பற்றினால் போதும். எச்.ஐ.வி.யில் பின்பற்றுவதற்கு அப்படியொரு வழி இல்லை. தொற்றிய சில நாட்களுக்குள் வைரஸ் கலங்களின் மரபணுவுக்குள் புகுந்துவிடும், தன் மேற்புறத்தையும் ஓயாமல் மாற்றும். பரிசோதனையில் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: தடுப்பூசி உண்டாக்கும் எதிர்ப்பொருள் காரணமாக, தொற்றே இல்லாதவருக்கும், எதிர்ப்பொருளைத் தேடும் சாதாரண இரத்தப் பரிசோதனை ‘பொசிட்டிவ்’ என்று காட்டக்கூடும். வைரசையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். செய்தால்தான் தெளிவாகும்.

இதற்கிடையில் மருந்துகள் முந்திவிட்டன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலின் கீழ் செலுத்தும் லெனாகாபவிர், தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் 2,134 இளம் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டதில், 2024இல் வெளியான முடிவின்படி ஒருவருக்கும் தொற்றவில்லை. ஆனால் இது உடலுக்கு எதிர்ப்பைப் பழக்குவதில்லை, அடுத்த ஊசியைத் தவறவிட்டால் பாதுகாப்பும் போய்விடும்.

2019இல் தாயிலிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையைச் சான்றுப்படுத்தியது. தடுப்பூசியே இல்லாமல், கர்ப்பிணிகளின் இரத்தப் பரிசோதனையாலும் மாத்திரையாலும் வந்தது அது. கொழும்பு வாசகருக்கு அவசியமானதும் இந்த வகை அறிவுதான். ஆபத்தான பாலியல் தொடர்போ ஊசிக் காயமோ ஏற்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாளும் விடாமல் எடுக்க வேண்டும். நேரம் போகப் போகப் பலன் குறையும், ஆதலால் சனி ஞாயிறு கழியட்டும் என்றிருக்கக் கூடாது. தொடர்ந்து ஆபத்துள்ளவர்கள் தினசரித் தடுப்பு மாத்திரை பற்றி, கொழும்பு 10 டி சேரம் பிளேசிலுள்ள அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் விசாரிக்கலாம். தெரிந்த பாமசியில் மாத்திரை வாங்கித் தாமே தொடங்குவது பிழை. முதலில் எச்.ஐ.வி. இல்லையென்று உறுதிப்படுத்தி, சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும், பிறகு மூன்று மாதத்துக்கொரு முறை இரத்தப் பரிசோதனை. தொற்று ஏற்கெனவே இருந்தால் தினசரி மாத்திரையிலுள்ள இரு மருந்துகள் மட்டும் அதை அடக்கப் போதாது, மருந்துக்கு மசியாத வைரசே மிஞ்சும். சிபிலிசையும் கொனோரியாவையும் இம்மாத்திரை தடுக்காது, ஆணுறை அப்போதும் தேவை.

சுகாதாரத்துறை வாசகர்,
வெள்ளவத்தை.