"கேட்கவில்லை" என்று சொல்ல விடுங்கள்

வார்டில் செவிலியர் மாணவர்களுக்குக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

முதலாம் ஆண்டு போஸ்டிங்கில் ஒரு பெரியவருக்கு பி.பி. பார்க்கச் சொன்னார்கள். கையில் பட்டையைச் சுற்றி, காற்றேற்றி, மெல்ல இறக்கினேன். ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றுமே கேட்கவில்லை. பின்னால் ஆசிரியர் நின்றிருந்தார். அன்று காலைதான் இன்னொரு மாணவியை நோயாளியின் எதிரிலேயே "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டு அழவைத்திருந்தார். பயத்தில், இயல்பான அளவான 120/80 என்று சொல்லிவிட்டேன். சார்ட்டிலும் எழுதினேன். அரை மணி நேரம் கழித்து டியூட்டி நர்ஸ் பார்த்தபோது 90/60, மிகவும் குறைவு. நல்லவேளை, பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எழுதிய அந்தப் பொய் எண் மட்டும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

இப்போது நானும் மாணவிகளை வார்டுக்கு அழைத்துப் போகிறேன். பயம் இருந்தால்தான் கவனம் வரும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். ஆனால் பயந்த பிள்ளை நோயாளியைப் பார்ப்பதைவிட நம் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறாள்.

ஆசிரியர் மாணவரிடம் நடிக்காமல் இருக்க வேண்டும், அவரை மதிக்க வேண்டும், அவர் நிலையிலிருந்து பார்க்க வேண்டும் என்றார் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். வார்டில் இது ரொம்பச் சின்ன விஷயம். "எனக்கும் முதலில் கேட்கவில்லைம்மா" என்று சொல்வது. முழங்கை மடிப்பின் உள்பக்கத்தில் அவள் விரலைப் பிடித்து வைத்து, துடிப்பு தட்டுப்பட்டதும், "சரி, இங்கே வைத்துக் கேள்" என்பது.

கண்டிப்பே கூடாது என்று சொல்லவில்லை. மருந்தளவு தவறென்றால் ஊசி போடும் கையை அங்கேயே தடுக்கத்தான் வேண்டும். அப்புறம் தனியே அழைத்துப் பேசுங்கள். கட்டிலில் இருப்பவருக்கும் காது உண்டு. நாம் திட்டியதைக் கேட்டவர், அடுத்த முறை அவளிடம் கையை நீட்டத் தயங்குவார்.

புதிதாக வருபவர் விதிகளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார், நிலைமையைப் பார்த்ததும் புரிந்துகொள்வது அனுபவத்தில் வருவது என்று செவிலியர் கல்வி ஆய்வாளர் பெட்ரிஷியா பென்னர் 1984-லேயே எழுதிவிட்டார். இருபது வருடம் வார்டில் இருந்த நம் கண்ணை, இரண்டு வாரம் முன் வந்தவளிடம் எதிர்பார்க்கிறோம்.

ஒரே ஒரு வேண்டுகோள். எந்த நாள் மதிப்பெண்ணுக்கு, எந்த நாள் பழகுவதற்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழகும் நாளில், கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று அவள் சொல்லட்டும். பட்டையை அவிழ்த்து, இருவருமாக இன்னொரு முறை பார்ப்போம்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி