முதலில் மருந்து அலமாரியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் காற்றோட்டம், கழிப்பறை, சாப்பாடு எல்லாம் இருந்தன. மருந்தை எங்கே, எப்படி வைக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கண் முதலில் அங்கேதான் போகும்.

என் சித்தி இருக்கும் இல்லத்தில் இன்சுலின் குப்பிகள் சமையலறை ஃபிரிட்ஜில், ஃப்ரீசரை ஒட்டிய தட்டில், தயிருக்குப் பக்கத்தில் கிடந்தன. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறைந்துபோனால் உருகிய பிறகும் அதை நம்ப முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். கெட்டுப்போனது பார்த்தால் தெரியும் என்றும் சொல்ல முடியாது. சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். அப்புறம் நல்ல குப்பி வந்ததும் கூட்டிய அளவையே போடுவார்கள். 80 வயதுக்காரருக்கு நள்ளிரவில் சர்க்கரை சட்டென்று இறங்கினால் யார் கவனிப்பது? திறந்த குப்பி பெரும்பாலும் 28 நாள்தான் தாங்கும். அங்கே ஒரு குப்பியிலும் திறந்த தேதி எழுதியிருக்கவில்லை.

மாத்திரை அட்டையைக் கத்தரித்து டப்பாவில் போடும் பழக்கம் வேறு. காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்தத் துண்டு போனால் மீதி எதுவென்றே தெரியாது. டப்பா மாறினால் சர்க்கரை நோயே இல்லாதவர் சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை விழுங்குவார். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை தரும் மெத்தோட்ரெக்சேட்டை தினமும் தந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஊழியர்களை மட்டும் திட்டிப் பயனில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மருந்துக்கடைக்கு உரிமம் தரும்போது மருந்து கெடாமல் வைக்க வசதி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முப்பது நாற்பது பேரின் மருந்து ஒரே அலமாரியில் குவியும் இல்லத்தையும் அப்படிப் பார்த்தால் என்ன? சமூக நலத்துறை அதிகாரிகள் ஆய்வுக்குப் போகும்போது ஒரு மருந்தாளுநரையும் கூட்டிப்போகட்டும். ஆளுக்கொரு பெயர் எழுதிய பெட்டி, பூட்டிய அலமாரி, மருந்துக்கென்று தனி ஃபிரிட்ஜ், அதற்குள் ஒரு தெர்மாமீட்டர். இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது. பிள்ளைகளும் பார்க்கப் போகும்போது பழத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், அப்பா அம்மாவின் மருந்துப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லலாம். மறுத்தால் காரணம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
திருச்சி